நான்காவது ஆள்

அன்று சாப்பிட்ட நண்டு நன்றாகத்தான் இருந்தது. பாசிர் பெனம்பாங்கில் ஆற்றின் மேல் பலகை போட்டுக் கட்டிய கடை. பலகை இடுக்கில் பார்த்தால் கீழே சேறு தெரியும். நண்டு புதியது, நன்றாக வெந்திருந்தது. நான் இரண்டு சாப்பிட்டேன்.

பயணத்தில் ஏதாவது சண்டை நடந்ததா என்று நேற்று முதலில் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். இல்லை. யாரும் யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. நல்ல ஞாயிற்றுக்கிழமை அது.

எனக்குப் பேச்சு சரியாக வராது. எதிரில் ஆள் இருந்தால் பாதியில் நின்றுவிடும். தாளும் பேனாவும் கொடுத்து, தமிழிலேயே எழுதலாம் என்று நீங்கள் சொன்னது உதவியாக இருக்கிறது. படகுக்காரர் வீரனை இன்னும் வெளியே விடவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர் மீது தவறில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றவையும் வரும்.

என் பெயர் விஷாலினி. வீட்டில் விசா என்பார்கள். வயது இருபத்தாறு. உயிரியல் பட்டதாரி. ரவாங்கில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். சாஸ் புட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, வட்டத் தட்டில் தடவி, இரண்டு நாள் கதகதப்பில் வைத்து, எத்தனை கிருமிப் புள்ளிகள் வளர்ந்திருக்கின்றன என்று எண்ணுவேன். முந்நூறைத் தாண்டினால் எண்ண மாட்டோம். 'எண்ண முடியாத அளவு' என்று எழுதிவிட்டுத் தட்டைச் சூட்டில் வைத்து அழித்துவிடுவோம்.

தங்கியிருப்பது அக்கா வீட்டில். அக்கா புனிதவதி என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தோம். அப்பா இருந்தார். ஆனால் சோறு ஊட்டியது, தலை வாரியது, பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டது எல்லாம் அக்காதான். ஒரே தட்டில் சாப்பிடுவோம். எலும்பை அவள் கடித்துப் பிளந்து தருவாள், நான் உறிஞ்சுவேன். ஒரே போர்வை. ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே பல்துலக்கி. அவள் எச்சில் எனக்கு ஒருநாளும் அருவருப்பாக இருந்ததில்லை. இதற்கு அறிவியல் விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அக்கா சுகுமாறன் அத்தானைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். தோட்டத்திலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து தோட்டத்துக்கு. குலை ஒரு நாள் கிடந்தால் புளித்துவிடும். அந்தப் புளித்த எண்ணெய் வாடை அவர் சட்டையில், தலையணையில், காரின் பாதுகாப்புப் பட்டையில் எல்லாம் இருந்தது. குளித்தாலும் போகாது. குளித்த துண்டை ஈரத்தோடு என் நாற்காலியில் போடுவார்.

காலை ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குளியலறையில் தொண்டையைக் காறுவார். மூன்று முறை. மூன்றாவது முறை ஏதோ வரும். கூடத்தில் செய்தித்தாளை விரித்துக் கால் நகம் வெட்டுவார். பாதித் துண்டுகள் தாளுக்கு வெளியே தெறிக்கும். குழம்பை அகப்பையால் ருசி பார்த்துவிட்டு அதே அகப்பையைச் சட்டிக்குள் விடுவார். அக்காவின் தேநீரை அவர் ஊதி ஆற்றித் தருவார். அவர் வாயிலிருந்து வந்த காற்று அந்தக் குவளைக்குள் போகும். அக்கா வாங்கிக் குடிப்பாள். சிரிப்பாள்.

அத்தான் என்னிடம் தவறாக நடந்துகொண்டாரா என்று பெண் போலீஸ்காரர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். அவர் முகத்தில் பரிவு இருந்தது. இல்லை என்றேன். ஒருநாளும் இல்லை. என்னை ஏறெடுத்துப் பார்த்துத் தப்பாக ஒரு சொல் பேசியதில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் உங்கள் அறிக்கை எளிதாக முடிந்திருக்கும். இல்லாததை நான் எழுத முடியாது.

போன ஆண்டு எனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. அக்காவுக்கு இரவுப் பணி. படுக்கையிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அத்தான் வந்து அதைத் துணியில் அள்ளினார். கையுறை இல்லை. அள்ளிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, படு" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இறங்கியதும் நெற்றியைச் சவர்க்காரம் போட்டு ஐந்து முறை கழுவினேன்.

அதற்குப் பிறகுதான் அவருடைய தண்ணீர்க் குவளையின் விளிம்பைப் பஞ்சுக் குச்சியால் தடவி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். சீப்பையும். இரண்டு நாளில் தட்டு முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்துவிட்டது. எண்ண முடியாத அளவு. ஒப்பிட்டுப் பார்க்க என் குவளையின் விளிம்பையும் எடுத்திருந்தேன். அதிலும் அதே அளவுதான் வளர்ந்தது. அதை நான் குறித்து வைக்கவில்லை.

இனி பயணம்.

கோல சிலாங்கூர் போக வேண்டும் என்றது அக்காதான். கடலுக்கு நடுவில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய சில நாள்களில், நீர் நன்றாக வற்றும்போது மட்டும் வெளியே தெரியும். மேலே ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் நிற்கும். அதில் வானம் அப்படியே விழும். எல்லோரும் அங்கே போய்ப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அக்கா ஒரு வாரமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படி அடம்பிடித்து எதையும் கேட்கிறவள் அல்ல அவள். அத்தான் உடனே சரி என்றார்.

வியாழக்கிழமை மாலை நான் அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அத்தானுடைய கைத்தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. மறுமுனையில் அவருடைய அம்மா நாகமணி. அவர் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தோட்டத்து வீட்டிலேயே இருக்கிறார். நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"யாரு யாருடா போறோம்?"

"நீ, நான், புனிதா."

"மூணு பேராவா? மூணு பேரா கெளம்பக் கூடாதுடா. அதுவும் தண்ணிக்கு. அந்தச் சின்னவளையும் கூப்புடு."

"அவ எங்கம்மா வருவா. லீவு நாள்ல ரூமுக்குள்ள பூந்தா வெளிய வரமாட்டா."

"அப்பன்னா ஒரு கல்ல எடுத்துக் கார்ல போடு. கல்லயும் ஒரு ஆளா வெச்சுக்கிட்டுப் போவோம். உங்கப்பா காலத்துல அப்படித்தான் செய்வோம்."

அத்தான் சிரித்தார். "கல்லுக்கு எதுக்குமா படகு டிக்கெட்டு. விசாவே வரட்டும்லா. கல்லு நண்டு திங்காது, இவளாச்சும் திம்பா."

அக்காவும் சிரித்தாள். பிறகு அக்கா அடுப்பங்கரைக்கு வந்து, "விசா, ஞாயித்துக்கிழம நீயும் வரியா?" என்று கேட்டாள். சரி என்றேன்.

இந்தப் பேச்சு என்னைப் புண்படுத்தியதா என்று கேட்டீர்கள். இல்லை. மூன்று பேராகப் போகக் கூடாது என்பது எங்களில் பலரும் பார்க்கும் வழக்கம். பெண் பார்க்கப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பார்ப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஆள் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று ஒருவர் நினைப்பது எனக்குப் புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு அத்தையைத் தோட்டத்தில் ஏற்றிக்கொண்டோம். மழை பெய்து செம்மண் பாதை ஊறிக் கிடந்தது. நான் முன் இருக்கையிலிருந்து இறங்கி அவருக்கு இடம் கொடுத்தேன். காலணியெல்லாம் சேறு. அத்தை திருநீறு பூசிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் டப்பாவில் வடையோடு வந்தார்.

"நாலு பேரு," என்று காருக்குள் விரலை நீட்டி எண்ணினார். "இப்ப சரி. ஓட்டுடா."

முதலில் மலாவத்தி குன்றுக்குப் போனோம். பீரங்கிகள், கலங்கரை விளக்கம், சாம்பல் நிறக் குரங்குகள். அத்தான் கச்சான் கடலைப் பொட்டலம் வாங்கினார். ஒரு தாய்க் குரங்கு, வயிற்றில் குட்டியோடு, அவர் உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. அதன் விரல் நகங்கள் கறுப்பாக இருந்தன. அவர் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைக் கால்சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, அதே கையால் கச்சானை உடைத்து அக்காவின் வாயில் போட்டார். அக்கா மென்றாள். நான் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தேன்.

பதினோரு மணிக்கு நண்டுக் கடை. அத்தான் நண்டின் ஓட்டைத் தன் பல்லால் உடைத்து, சதையை நகத்தால் நோண்டி, முதலில் அக்கா தட்டில் வைத்தார். பிறகு அத்தை தட்டில். பிறகு என் தட்டில். நான் அதைச் சோற்றுக்கு அடியில் தள்ளினேன். நான் சாப்பிட்ட இரண்டும் நானே உடைத்தவை.

அக்கா அந்தச் சதையைப் பார்த்தாள். தட்டை மெல்லத் தள்ளினாள். புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து கடைக்குப் பின்னால் ஓடினாள். அங்கே கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் வாந்தி எடுத்தாள். அத்தான் பின்னாலேயே போய் அவள் முடியைச் சேர்த்துப் பிடித்தார். முதுகைத் தடவினார். வாயைத் தன் கையால் துடைத்துவிட்டார்.

எனக்கு அப்போது தெளிவாகிவிட்டது. இரண்டு ஆண்டுகளாக நான் மட்டும்தான் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் இருந்திருக்கிறது. மனம் பொறுத்துக்கொண்டாலும் உடம்பு பொறுக்கவில்லை. அருவருப்பு என்பது உடம்பு தரும் எச்சரிக்கை. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

அக்கா திரும்பி வந்து, "கார்ல வளஞ்சு வளஞ்சு வந்ததுல்ல, அதான்" என்றாள். அத்தை அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஓர் எலுமிச்சம் பழத்தைப் பிளந்து அவள் கையில் வைத்து, "மோந்துக்கிட்டே இரும்மா" என்றார். அதன் பிறகு அத்தையின் முகம் ஏதோ பரிசு விழுந்தது போல இருந்தது. மருமகள் வாந்தி எடுத்ததில் ஒரு மாமியாருக்கு என்ன மகிழ்ச்சி என்று எனக்கு விளங்கவில்லை.

"படகு வேணாமே. இங்கயே காத்து வாங்கிக்கிட்டு உக்காருவோம்," என்றார் அத்தை.

"இல்லத்தே. நான் பாக்கணும். ஒரு வாரமா அந்தத் தண்ணிதான் கண்ணுக்குள்ள நிக்குது."

"ஆசன்னு சொல்றியா." அத்தை எழுந்து புடவையை உதறினார். "அப்ப போய்ட்டு வந்துடணும். மனசுல வெச்சுக்கக் கூடாது."

படகுத்துறையில் வீரன் எங்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் எண் போட்ட மஞ்சள் அட்டையை மாட்டினார். நாற்பது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம், ஓயாத பேச்சு.

"இந்த டேக்குதான் உங்க உசுரு. எறங்கும்போது கழுத்துல, ஏறும்போது என் கைல. டேக்கு வந்தா ஆளு வந்த மாதிரி. வரலன்னா வுட்டுட்டுப் போவமாட்டேன், தேடி வந்து ஏசுவேன்."

இரண்டு படகுகள். மொத்தம் இருபத்து மூன்று பேர். புறப்படும்போது அத்தான், "அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே" என்றார்.

"மெதுவாப் போனா தண்ணி ஏறிடும் தம்பி. அப்புறம் மீனோடதான் நின்னு படம் எடுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். பாதி வழியில் அத்தான் மறுபடியும் கேட்டார். தன் மிதவைச் சட்டையைக் கழற்றி மடித்து அக்காவுக்குக் கீழே மெத்தையாகப் போட்டார். இவ்வளவு பயந்த ஆளா என்று நினைத்தேன். அவருக்கு நீச்சல் தெரியாது. அது எனக்கு முன்பே தெரியும்.

திட்டு அழகாக இருந்தது. அதை மறுக்கவில்லை. கால் வைத்த இடத்தில் மேகம் கலைந்து மறுபடி கூடியது. படகு எங்கே முடிகிறது, அதன் நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

வீரன் படம் எடுத்தார். "டேக்கக் கழட்டிருங்க, படத்துல அசிங்கமாத் தெரியும்," என்றார். மூவரும் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். கைத்தொலைபேசி, மூக்குக் கண்ணாடி, அத்தையின் எலுமிச்சம் பழம் எல்லாம் என் பையில்தான். எப்போதும் அப்படித்தான். நான் படச் சட்டத்துக்கு வெளியே நின்றேன். எல்லாக் குடும்பங்களையும் குதிக்கச் சொன்ன வீரன் எங்களையும் சொன்னார். அத்தான், "புனிதா குதிக்க வேணாம்ணே, நிக்கட்டும்" என்றார்.

அப்போது அத்தை, "மூணு பேராப் படம் எடுக்காதப்பா. விசா, நீ ஓரமா வந்து நில்லு" என்றார்.

நான் போய் ஓரமாக நின்றேன். அந்தப் படம் உங்களிடம் இருக்கிறது. மேலே மூன்று பேரும், தண்ணீருக்குள் தலைகீழாக அதே மூன்று பேரும் முழுதாகத் தெரிகிறார்கள். இடது ஓரத்தில் தெரியும் தோள் என்னுடையது.

அடுத்து நடந்ததை முதல் நாள் உங்களிடம் வேறு மாதிரி சொன்னேன். அத்தான் சிப்பி பொறுக்கத் தானாகவே தெற்குப் பக்கப் பள்ளத்தைத் தாண்டி நடந்து போனார் என்றேன். அது சரியல்ல. நான்தான் அனுப்பினேன்.

அக்கா ஒரு வட்டச் சிப்பியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் இன்னொன்று தேடிக்கொண்டிருந்தார். அவர் அருகில் போனேன். அவரிடம் நானாகப் போய்ப் பேசியது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

"அத்தான், அந்தப் பள்ளத்துக்கு அந்தாண்ட நெறைய கெடக்குதாம். பெருசு பெருசா."

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா? நீ சொல்லிட்டல்ல. அக்காகிட்ட சொல்லாத. ஒரு கை அள்ளிக்கிட்டு வந்து காட்டுறேன்."

கைத்தொலைபேசி நனைந்துவிடும் என்று அவரே என் பையில் ஏற்கனவே போட்டிருந்தார். அவர் போவதைப் பார்த்தேன். பள்ளத்தில் தண்ணீர் அப்போது கணுக்கால் அளவு. அவர் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக் கடந்தார்.

நீர் ஏற்றத்தைப் பற்றி ஒரு சிறு விளக்கம். தண்ணீர் சீராக ஏறாது. முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம்தான் ஏறும். இரண்டாவது மணியில் அதைப்போல் இரண்டு மடங்கு. மூன்றாவதில் மூன்று மடங்கு. பௌர்ணமிக்கு மறுநாள் அந்தக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் இடையே இரண்டு ஆள் உயரம் இருக்கும். மேட்டில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குப் பின்னால் உள்ள பள்ளம்தான் முதலில் நிறையும். அந்த வார அட்டவணையை நான் பார்த்திருந்தேன். புதிய இடத்துக்குப் போகும்முன் படித்துக்கொள்வது என் பழக்கம். அதற்கு மேல் பொருள் எதுவும் இல்லை. அதுவரை என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டு மணிக்கு மேற்கே கறுத்தது. மழை கடல் மேல் சாம்பல் நிறத் துணி போல நடந்து வந்தது. வீரன் சீழ்க்கை அடித்தார். இருபத்து மூன்று பேரும் ஓடினார்கள். இருபத்து இரண்டு பேர்.

அக்காவையும் அத்தையையும் கைப்பிடித்து முதல் படகில் ஏற்றினேன். அவர்கள் இருவரின் அட்டைகளையும் அந்தப் படகுக்காரரிடம் கொடுத்தேன். அக்கா கையில் அத்தானுடைய செருப்பு இருந்தது.

"அத்தான் எங்கடி?"

"ரெண்டாவது படகுல வராரு. நான் அவரோட வரேன். நீ நனையாத."

இரண்டாவது படகில் வீரன். மழை தொடங்கிவிட்டது. அவர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மறு கையை நீட்டினார். என் அட்டையையும் அத்தானுடைய அட்டையையும் சேர்த்துக் கொடுத்தேன்.

"நீங்க நாலு பேருதானே தங்கச்சி? அவரு எங்க?"

"மொத படகுல அக்காவோட ஏறிட்டாரு. டேக்கு எங்கிட்ட இருந்துச்சு."

வீரன் அட்டைகளை எண்ணினார். சரியாக இருந்தது. எண்ணிக்கையை நம்புகிறவர் மீது எனக்கு மரியாதை உண்டு. அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். அவரை விட்டுவிடுங்கள்.

படகு திரும்பும்போது நான் பின்வரிசையில் இருந்தேன். மழைக்குள் ஓர் இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அங்கே அத்தான் நின்றிருந்தார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம். ஒரு கையை மார்போடு சேர்த்து வைத்திருந்தார், சிப்பிகள் விழாமல் இருக்க. மறு கையை அசைத்தார். எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நானும் கை அசைத்தேன். பார்த்துவிட்டோம், வருவோம் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். கையை இறக்கிவிட்டு அமைதியாக நின்றார்.

நான் அவரைத் தள்ளவில்லை, அடிக்கவில்லை. தொடவும் இல்லை. தொட்டிருக்கவும் மாட்டேன்.

துறையில் தகரக் கூரைக்குக் கீழே அக்காவும் அத்தையும் காத்திருந்தார்கள். இரண்டாவது படகிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு அவருடைய தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டாள்.

கைத்தொலைபேசி என் பைக்குள் அதிர்ந்தது. சாதாரணமாக அதிர்ந்தால் அவ்வளவு சத்தம் வராது. உள்ளே இருந்த கல்லின் மேல் உரசிக்கொண்டிருந்ததால் கடகடவென்று கேட்டது. அக்கா என் பையைப் பிடுங்கித் துறைப் பலகையில் கொட்டினாள். கைத்தொலைபேசி, மூக்குக் கண்ணாடி, எலுமிச்சம் பழம், கல். அப்போது யாரும் கல்லைப் பார்க்கவில்லை. நீங்கள்தான் பார்த்தீர்கள்.

மழை விடும்வரை படகை எடுக்க முடியவில்லை. வீரன் மூன்று முறை எடுக்கப் பார்த்தார், மற்றவர்கள் இழுத்து நிறுத்தினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. திட்டு இல்லை. கடல்தான் இருந்தது.

திங்கட்கிழமை மாலை சுங்கை புரோங் பக்கம் சதுப்பு மரங்களின் வேர்களுக்கிடையே மீனவர்கள் கண்டெடுத்தார்கள். அக்கா பார்க்க வேண்டாம் என்று நான்தான் அடையாளம் காட்ட வந்தேன். நீங்களும் உடன் இருந்தீர்கள். நான் முகத்தைச் சுளிக்காததை உங்கள் குறிப்பேட்டில் எழுதினீர்கள். சுளிக்கத் தேவைப்படவில்லை. எண்ணெய் வாடை போயிருந்தது. உப்புத் தண்ணீர் நன்றாகக் கழுவியிருந்தது. அவரை நான் அருவருப்பில்லாமல் பார்த்தது அன்றுதான். சட்டைப் பையில் சிப்பிகள் இருந்தன. ஒன்றுகூட உடையவில்லை.

அக்காவுக்காகச் செய்தேன். வேறு காரணம் இல்லை. அவளால் சொல்ல முடியாததை அவள் உடம்பு நண்டுக் கடையில் சொன்னது. நான் கேட்டேன். இனி நாங்கள் இருவரும் முன்போல் இருக்கலாம். ஒரே தட்டில். அவள் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிர்ச்சியில் அப்படி இருப்பது வழக்கம்.

இனி கல்.

அது ஆற்றுக் கல்லா என்று உங்கள் உதவியாளர் கேட்டார். இல்லை. செம்மண் பாதையில் கிடக்கும் சரளை. அந்த நிறம் தோட்டத்துப் பாதையில்தான் உண்டு. துறையில் சேறு, திட்டில் மணல். இரண்டிலும் கல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, அத்தைக்கு இடம் கொடுக்க இறங்கியபோது குனிந்து எடுத்தேன். காலணியைத் துடைப்பதாக அவர்கள் நினைத்திருப்பார்கள். மூன்று பேராகத் தண்ணீரிலிருந்து திரும்பக் கூடாது. அத்தைக்கு அதில் நம்பிக்கை உண்டு. அவர் மனம் வருந்தக் கூடாது என்றுதான் எடுத்தேன்.

காலையில் கிளம்பும்போதே நான்கு பேர்தானே, நான்கு பேருக்குக் கல் எதற்கு என்று நேற்று கேட்டீர்கள். இப்போது யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. அப்படியானால் எந்தத் திட்டமும் இல்லை என்று மேலே எழுதிய வரியை அடிக்க வேண்டும். எழுதும்போது அது உண்மையாகத்தான் இருந்தது. அடிக்காமல் விடுகிறேன்.

கடைசியாக ஒன்று. அக்காவுக்கு மூன்றாவது மாதம் என்று நேற்று மாலை சொன்னீர்கள். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளும் அத்தானும் பேசி வைத்திருந்தார்களாம். நண்டுக் கடையில் நான் பார்த்தது அருவருப்பு இல்லை என்றீர்கள். இருக்கலாம். ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இது முன்பே தெரிந்திருந்தால் வேறு விதமாகச் செய்திருப்பாயா என்று கேட்டீர்கள்.

செய்திருப்பேன். அக்கா, அத்தை, நான், அக்கா வயிற்றில் ஒன்று. நான்கு பேராகத்தான் திரும்பியிருப்போம். கல்லை எடுத்திருக்க மாட்டேன்.